வண்டி ஓட்டியது யார்?

டிசம்பர் பூரணை முதல் வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவகாலம். அந்நாட்களில் நல்லதண்ணிக்கு இரவு பகலாக வேன்கள் ஓடும். ஒரே வேனைப் பல சாரதிகள் மாறி மாறி ஓட்டுவார்கள். அதிவேகத்தையும் கடும் பிரேக்கையும் வண்டிக் கெமரா பதிந்துவிடும். ஓட்டியவர் யார் என்பதைச் சொல்வது சாரதியின் அடையாளச் சாவி.

ஐபட்டன் எனும் வகைச் சாவி பொத்தான் பெட்டரி போலிருக்கும். தொழிற்சாலையிலேயே பொறித்த 64 பிட் இலக்கம் அதிலுண்டு. ஒவ்வொன்றுக்கும் வேறு இலக்கம். அந்த இலக்கத்துக்கு நேரே சாரதியின் பெயரைப் பதிவதே நமது வேலை.

வண்டியை அனுப்புமுன் நான்கு சோதனைகளைச் செய்யுமாறு நான் கூறுவேன்:

1. பதிந்த சாவியை வைத்தால் உரிய பெயர் வருகிறதா?

2. பதியாத சாவியை வேறாகக் காட்டுகிறதா?

3. சாவி வைக்காமல் ஓட்டினால் எச்சரிக்கிறதா, முந்தைய சாரதியின் பெயரிலேயே ஓட்டம் தொடர்கிறதா?

4. நேரம் சரியா? கிரீன்விச் நேரத்திலேயே விட்டால் 5½ மணித்தியாலம் பின்தங்கும். அதிகாலை 2 மணிச் சம்பவம் முதல்நாள் இரவு 8.30 எனப் பதிவாகும். பழி வேறொருவர் தலையில் விழும்.

சாவி கைமாறவும் கூடும். ஆகவே சம்பளத்தில் வெட்டுமுன் உட்பக்கக் கெமராவில் முகத்தையும் பாருங்கள். உழைத்தவர் கூலி நம்மிடமுள்ள அமானிதம்.