மீட்டருக்குள் ஒரு சுவிட்ச்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பை உருக்கும் இண்டக்ஷன் உலை எந்த நேரத்தில் எவ்வளவு கரண்ட் இழுத்தது என்பதை அதன் மீட்டரே அரைமணி அரைமணியாகச் சொல்லிவிடும். உயர் அழுத்த இணைப்புள்ள ஆலைகளுக்கு நேரத்தைப் பொறுத்துக் கட்டணம் மாறும். காலை, மாலை உச்ச நேரத்தில் 25 சதவீதம் கூடுதல், இரவில் 5 சதவீதம் தள்ளுபடி. எந்த ஷிப்டில் உலையை ஏற்றலாம் என்று ஆலைக்காரர்கள் இதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். அதே ஆலையில் வேலை பார்ப்பவரின் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க ஒருவர் வருகிறார். அவர் வந்து போகும்வரை அந்த வீட்டில் யாருக்கும் கணக்கு தெரியாது.

ஆலைக்கு இருக்கும் அந்த வசதியை வீட்டுச் சுவருக்குக் கொண்டுவருவதுதான் ஸ்மார்ட் மீட்டர். மத்திய அரசு 2021இல் தொடங்கிய மின்விநியோகச் சீரமைப்புத் திட்டத்தில் நாடு முழுவதும் 25 கோடி மீட்டர்கள் பொருத்துவது என்று இலக்கு வைத்தார்கள். தமிழ்நாட்டின் பங்கு ஏறக்குறைய 3 கோடி. சென்னை தியாகராய நகரில் சோதனையாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குப் பொருத்தினார்கள். மாநிலம் முழுமைக்குமான டெண்டரில் கேட்கப்பட்ட விலை அதிகம் என்று 2024 டிசம்பரில் அதை மின்வாரியம் ரத்து செய்தது. ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. பொன்னேரி, மீஞ்சூர், கவரைப்பேட்டை, ஆரம்பாக்கம் என்று எங்கே போனாலும் வீட்டுக்காரர்களிடம் ஒரு கருத்து இருக்கிறது. அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகளைப் பார்த்தபடி வாழும் மாவட்டம் இது. மின்சாரம் எப்படி உண்டாகிறது, எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று கேட்க இங்குள்ளவர்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

முதலில் கருவியைப் பார்ப்போம். அலுமினியச் சக்கரம் சுற்றும் பழைய மீட்டருக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் ஹங்கேரிப் பொறியாளர் ஓட்டோ பிளாத்தி. 1889இல் காப்புரிமை பெற்ற அவருடைய வடிவமைப்பின் வழிவந்த சக்கரங்கள் நூறு ஆண்டுகளுக்கு மேல் உலகம் முழுவதும் சுற்றின. பிறகு வந்த மின்னணு மீட்டரில் சுற்றும் பாகமே கிடையாது. வோல்டேஜையும் கரண்டையும் ஒரு சிப் ஒவ்வொரு விநாடியும் ஆயிரக்கணக்கான முறை அளந்து, பெருக்கி, கூட்டிக்கொண்டே போகும். நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் சக்கரத்தைக் கழற்றிவிட்டு இதை மாட்டி வெகுநாளாகிவிட்டது. ஸ்மார்ட் மீட்டரும் இதே முறையில்தான் அளக்கிறது. கூடுதலாக அதற்குள் மூன்று இருக்கின்றன. அரைமணிக்கு ஒருமுறை ரீடிங்கைக் குறித்து வைக்கும் கடிகாரம் ஒன்று. அதைச் சிம் கார்டு வழியாகவோ, பக்கத்து மீட்டர்களோடு கைகோத்து ரேடியோ அலை வழியாகவோ தலைமையகக் கணினிக்கு அனுப்பும் கருவி ஒன்று. மூன்றாவது, இணைப்பைத் தொலைவிலிருந்தே துண்டிக்கவும் திரும்பக் கொடுக்கவும் ஒரு ரிலே, அதாவது சுவிட்ச்.

வீடுகளில் காதில் விழும் முதல் அச்சம், “புது மீட்டர் வேகமா ஓடும்” என்பது. இதை வதந்தி என்று ஒதுக்கிவிடக் கூடாது. சக்கர மீட்டர் பழசானால் தாங்கியில் உராய்வு கூடி மெதுவாகச் சுற்றும். செட்டாப் பாக்ஸ், மொபைல் சார்ஜர் போன்ற சின்னச் சுமைகளுக்கு அந்தச் சக்கரம் அசையாமலே கிடந்திருக்கலாம். மின்னணு மீட்டர் அதையும் எண்ணும். 9 வாட் இழுக்கும் செட்டாப் பாக்ஸை நாள் முழுக்க அணைக்காமல் விட்டால் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 13 யூனிட். ஆகவே சக்கரத்திலிருந்து நேராக மாறும் வீட்டில் பில் ஏறினால் அதற்கு நியாயமான காரணம் இருக்கக்கூடும். ஏற்கெனவே மின்னணு மீட்டர் உள்ள வீட்டில் அந்தக் காரணம் பொருந்தாது. அங்கே பில் ஏறினால் கேள்வி கேட்டே ஆக வேண்டும்.

சந்தேகம் வந்தால் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மினுக்கும் என்பது பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். 3200 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 1000 வாட் அயர்ன் பாக்ஸ் ஒன்றை மட்டும் போடுங்கள். அது சூடேறிக்கொண்டிருக்கும்போது ஒரு நிமிடத்துக்கு 53 முறை வாக்கில் மினுக்க வேண்டும். 70, 80 என்று போனால் புகார் எழுதலாம்.

லைன் வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. இன்றைய ஒருமுனை மீட்டர்கள் பெரும்பாலும் பேஸ், நியூட்ரல் இரண்டு கம்பிகளிலும் ஓடும் கரண்டை அளந்து, எது கூடுதலோ அதையே கணக்கில் வைக்கும். திருட்டைத் தடுக்கச் செய்த ஏற்பாடு இது. சிப்காட்டைச் சுற்றி ஒடிசா, பீகார் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய வீடுகளில் வயரிங் செய்தவர் இரண்டு வீட்டு நியூட்ரலையும் ஒன்றாக முடிந்து வைத்திருந்தால், பக்கத்து வீட்டு ஃபேனின் கரண்டும் இந்த வீட்டு மீட்டர் வழியாகத் திரும்பும். பேஸை மட்டும் அளந்த பழைய மீட்டருக்கு அது தெரியாமல் இருந்திருக்கும். புதியது கண்டுபிடிக்கும், ஆனால் பில்லை ஒரு வீட்டின் தலையில் போட்டுவிடும். மீட்டர் மாற்றும் நாளில் எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து நியூட்ரலைப் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது.

ஸ்மார்ட் மீட்டரை வேண்டும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் வீட்டுச் செலவைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள். அவர்கள் சொல்லும் காரணம் தேதி. நம் கட்டணம் இரண்டு மாதக் கணக்கு. 2016 முதல் எல்லா வீடுகளுக்கும் முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட் வரை போனால் அடுத்த நூறுக்குச் சலுகை விலை. 500ஐத் தாண்டிய வீட்டுக்கு அந்தச் சலுகை போய்விடும். ஒரே ஒரு யூனிட் தாண்டினாலும் பில் இருநூறு ரூபாய்க்கு மேல் எகிறும். நாளுக்கு 8 யூனிட் செலவாகும் வீட்டில் 60ஆம் நாள் ரீடிங் எடுத்தால் 480. நான்கு நாள் தள்ளி வந்து எடுத்தால் 512. வீட்டில் யாரும் ஒரு விளக்கைக் கூடுதலாகப் போடவில்லை, வர வேண்டியவர் வரத் தாமதமானது அவ்வளவுதான். ஆள்பற்றாக்குறையில் ஒரு கணக்கீட்டாளர் எத்தனை தெரு ஏறி இறங்குகிறார் என்பதைப் பார்த்தால் அவர்மேல் கோபப்படவும் முடியாது. ஸ்மார்ட் மீட்டர் குறித்த தேதியில், குறித்த நேரத்தில் ரீடிங்கை எடுத்துவிடும். மாதாமாதம் கணக்கெடுப்பது என்பது 2021 தேர்தலில் தரப்பட்ட வாக்குறுதி. ஸ்மார்ட் மீட்டர் வந்த பிறகு அதைச் செய்வோம் என்று பின்னர் சொன்னார்கள். எனக்கு இந்தக் கருவியில் பிடித்தது இந்த ஒரு விஷயம். இதற்காகவே இதை வரவேற்கலாம் என்றுகூட நினைக்கிறேன்.

ஆனால் அந்தக் கடிகாரம் தேதியோடு நிற்காது. வேளாண்மை தவிர்த்த மற்ற இணைப்புகளுக்கு நேரத்தைப் பொறுத்த கட்டணம் வர வேண்டும் என்று மத்திய அரசு 2023 ஜூனில் விதி கொண்டுவந்தது. வெயில் நேரத்தில் குறைந்தது 20 சதவீதம் மலிவு, உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல். ஆலை தன் உலையை இரவுக்குத் தள்ளிக்கொள்ளும். பகலெல்லாம் வேலைக்குப் போய்விட்டு ஏழு மணிக்கு வந்து அடுப்பு மூட்டும் வீடு எதைத் தள்ளும்? மிக்சியையா, ஃபேனையா, பிள்ளைகள் படிக்கும் விளக்கையா? பகலில் வீட்டில் ஆள் இருந்து துணி துவைக்கும் இயந்திரத்தையும் மோட்டாரையும் அப்போது ஓட்டக்கூடியவர்களுக்கே இதனால் லாபம். ஆலைக்கான கணக்கை அப்படியே தூக்கி வீட்டில் வைப்பது சரியில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி அந்த மூன்றாவது பாகம், சுவிட்ச். இப்போது பில் கட்டாத வீட்டின் இணைப்பைத் துண்டிக்க ஒருவர் நேரில் வர வேண்டும். வந்தவரிடம், “நாளைக்குக் கட்டிடறோம்ணா, குழந்தைக்குக் காய்ச்சல்” என்று சொல்ல முடியும். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56ஆவது பிரிவு, பாக்கிக்காகத் துண்டிப்பதற்கு முன் 15 நாள் எழுத்துமூல அறிவிப்பு தரச் சொல்கிறது. முன்பணம் கட்டும் பிரீபெய்டு முறையில் பாக்கி என்று ஒன்று உருவாகவே வழியில்லை. மொபைல் ரீசார்ஜ் போல இருப்பு தீர்ந்தால் தொலைவிலிருந்தே அணைத்துவிடலாம். இதற்கு ஈடாக, பிரீபெய்டுக்கு வருபவரிடம் டெபாசிட் கேட்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 47ஆவது பிரிவு சொல்கிறது. டெபாசிட் கட்டவே திணறும் குடும்பத்துக்கு அது உதவிதான். ஆனால் நாள்கூலி வாங்குபவருக்கு அந்த 15 நாள் அவகாசம் டெபாசிட்டைவிடப் பெரியது.

ஆள் இல்லாமல் இயங்கும் சுவிட்ச் தவறும் செய்யும். 2020 ஆகஸ்ட் 12, கிருஷ்ண ஜெயந்தி அன்று உத்தரப் பிரதேசத்தில் ஒரு தவறான கட்டளையால் ஸ்மார்ட் மீட்டர் வைத்திருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருண்டன. பணம் ஒழுங்காகக் கட்டியவர்களும் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். 2024 மே மாதம் குஜராத்தின் வடோதராவில் ரீசார்ஜ் பணம் மளமளவென்று கரைகிறது என்று மக்கள் தெருவுக்கு வந்தபோது பொருத்தும் பணியை நிறுத்தி வைத்தார்கள். பழைய மீட்டரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டுகிறோம் என்று அரசு இறங்கி வந்தது. அந்த ஒப்பீடு கெஞ்சி வாங்க வேண்டிய சலுகையாக இன்று இல்லை. 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட நுகர்வோர் உரிமை விதிகளின்படி, ரீடிங் சரியில்லை என்று புகார் கொடுத்தால் ஐந்து நாளுக்குள் இன்னொரு மீட்டரைக் கூடவே பொருத்தி, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நம் ஊரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? மீட்டரோடு கொடுக்கும் தாளில் முதல் வரியாக இதை அச்சிட வேண்டும் என்பேன்.

தகவல் யார் கையில் இருக்கிறது என்ற கவலையும் உண்டு. அரைமணிக் கணக்கை ஒரு வாரம் தொடர்ந்து பார்த்தாலே அந்த வீட்டில் எப்போது எழுகிறார்கள், எப்போது ஆளில்லை, யார் இரவு ஷிப்ட் போகிறார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். 2009இல் நெதர்லாந்து நாடாளுமன்றத்தின் மேலவை, இந்தக் காரணத்தை முன்வைத்தே கட்டாய ஸ்மார்ட் மீட்டர் மசோதாவை ஏற்க மறுத்தது. பிறகு, வேண்டாம் என்று சொல்லும் உரிமையோடு அங்கே அது வந்தது. 2022 இறுதியில் மின் இணைப்போடு ஆதார் எண்ணை இணைக்கச் சொன்னபோது, நூறு யூனிட் போய்விடுமோ என்று நம் மக்கள் பதறியதை எண்ணிப் பார்த்தால், காரணத்தை முன்கூட்டியே விளக்காத எந்தத் திட்டத்தையும் அவர்கள் சந்தேகத்தோடு பார்ப்பது இயல்பு என்று புரியும்.

வாடகைக்கு இருப்பவரிடம் யாரும் கருத்துக் கேட்பதே இல்லை. சிப்காட்டை ஒட்டிய லைன் வீடுகளில் இணைப்பு வீட்டு உரிமையாளர் பெயரில் இருக்கும். உள்ளே ஆளுக்கொரு சப் மீட்டர். யூனிட்டுக்கு இவ்வளவு என்று உரிமையாளர் வைத்ததுதான் விலை, இலவச யூனிட் இவர்கள் கணக்குக்கு வந்து சேர்வதில்லை. வாசலில் உள்ள பெரிய மீட்டரை ஸ்மார்ட்டாக மாற்றினாலும் உள்ளே இருக்கும் சப் மீட்டர் அப்படியேதான் இருக்கும். பிரீபெய்டாகவும் ஆகிவிட்டால் ரீசார்ஜ் செய்யும் செயலி உரிமையாளரின் போனில் இருக்கும், அவர் சென்னையில் இருப்பார், இரவு பத்து மணிக்கு இருப்பு தீர்ந்தால் இருட்டில் உட்காருவது ஆறு குடும்பங்கள். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி இணைப்பு கொடுத்துவிட்டுப் பிறகு மீட்டரை மாற்ற வேண்டும். வரிசை தலைகீழாகப் போனால் இந்தக் குடும்பங்களுக்கு இந்தக் கருவியால் ஒரு நன்மையும் இல்லை.

உங்கள் தெருவுக்கு மீட்டர் மாற்ற ஆள் வரும் நாளில், பழைய மீட்டரின் கடைசி ரீடிங்கை வரிசை எண்ணும் தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். புதிய மீட்டரின் முதல் ரீடிங்கையும் அப்படியே எடுங்கள். மாற்றியதற்கான சீட்டில் இரண்டு எண்களும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பிரீபெய்டா போஸ்ட்பெய்டா என்பதையும் அந்தச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.