அம்மம்மாவின் கையில் ஒரு பென்சில்

யாழ்ப்பாணத்தில் நாங்கள் படம் வரைவதில்லை, கீறுகிறோம். "என்ன பிள்ளை கீறுறாய்?" என்றுதான் கேட்போம். அந்தச் சொல்லுக்குள் நிறம் இல்லை, கோடு மட்டும்தான் இருக்கிறது. மணலில் ஈர்க்கால் இழுத்தாலும் கீறல், சிலேட்டில் இழுத்தாலும் கீறல். விசயதசமியன்று ஏடு தொடக்கும்போது, தட்டத்து அரிசியில் விரலைப் பிடித்து எழுதுவிக்கிறோமே ஒரு 'அ', அதுவும் அந்தக் குழந்தைக்கு எழுத்தாகத் தெரிவதில்லை. வளைந்து வளைந்து போகிற ஒரு கோடு, அவ்வளவுதான்.

அதே பிள்ளைக்குப் பத்து வயதாகட்டும். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்துப் பாருங்கள். முதலில் இரண்டு மலை வரும். நடுவில் சூரியன். மலையிலிருந்து ஓர் ஆறு. குடாநாட்டில் மலை ஏது? கீரிமலைகூடப் பெயரில்தான் மலை. ஆறென்று சொல்ல, மாரியில் ஓடி வெயிலில் வற்றும் வழுக்கையாறு ஒன்றுதான். பிள்ளையில் பிழையில்லை. கண்ணால் கண்டதைக் கீறு என்று நாங்கள் சொல்லவில்லை. இன்னொரு படத்தைப் பார்த்துக் கீறத்தான் பழக்கினோம். "கோடு கோணுது, அழி" என்று பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டும் இருந்தோம். வீட்டில் எல்லோருமாகக் கீற உட்காரும் நாளில் அடிமட்டத்தையும் அழிறப்பரையும் முதலில் எடுத்து ஒளித்துவிடுங்கள். பென்சிலும் பழைய கொப்பியில் மிஞ்சிய ஒற்றைகளும் போதும்.

கை இளகுவதற்கு ஒரு விளையாட்டு. இரண்டு பேர் எதிரெதிரே இருங்கள். முன்னால் இருப்பவரின் முகத்தை மட்டும் பார்க்க வேண்டும். தாளைப் பார்க்கக் கூடாது, பென்சிலையும் தூக்கக் கூடாது. நெற்றியில் தொடங்கி மூக்கு, வாய், நாடி என்று கண் போகிற வேகத்தில் கை போகட்டும். இரண்டு நிமிடம் போதும். மூக்கு காதடியில் போய் நிற்கும், வீடே சிரிக்கும். ஓவியம் பயில்பவர்களுக்கு உலகெங்கும் கொடுக்கிற பயிற்சிதான் இது. நான் இதை விரும்புவதற்குக் காரணம் வேறு. ஒரு மகன் தகப்பனின் முகத்தை முழுதாக இரண்டு நிமிடம் வேறு எப்போது பார்க்கிறான்?

தைப்பொங்கலுக்கு முற்றம் மெழுகி, உலக்கையைக் கிடத்தி, அதன் ஓரமாக அரிசிமாத் தூவி நேர்கோடு எடுப்போமே, அந்த வேலையையும் இனிப் பிள்ளைகளிடம் விடுங்கள். ஒருவர் உலக்கையைப் பிடிக்க, மற்றவர் மாவைத் தூவட்டும்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வீட்டுப் படத்தைப் பற்றி.

எங்கள் வீட்டில் அது தற்செயலாகத் தொடங்கியது. ஒரு ஞாயிறு பின்னேரம், கரண்ட் இல்லை. என் மகள் கொப்பியை அம்மாவிடம் நீட்டி, "அம்மம்மா, நீங்கள் சின்னனில இருந்த வீட்டைக் கீறிக் காட்டுங்கோ" என்றாள். "எனக்கெங்க பிள்ளை கீறத் தெரியும்" என்று அம்மா கொஞ்ச நேரம் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு தாளின் நடுவில் ஒரு வட்டம் போட்டார். கிணறு. அதற்குப் பக்கத்தில் ஒரு நீளக் கோடு, துலா. கிணற்றடியிலிருந்து நடைபாதை ஒன்று நெளிந்து குசினிக்குப் போனது. குசினி வீட்டோடு ஒட்டாமல் தனியே நின்றது.

"அப்ப மழைக்கு என்ன செய்வீங்கள்?"

"நனையிறதுதான்."

விறாந்தை வந்தது, இரண்டு அறை வந்தது, மாட்டுக்கொட்டில் வந்தது, தெருப்பக்கம் சங்கடப்படலை வந்தது. வேலிக்குச் சின்னச் சின்னக் கோடுகளாகக் கிளுவங்கதியால்களை நட்டுக்கொண்டே போனவர், வடக்குப் பக்கம் ஓரிடத்தில் விரலளவு இடத்தை விட்டுவிட்டார். "இதில வேலியைக் காணேல்ல, அம்மம்மா." "அது பொட்டு. மாமி வீட்டுக்குப் போற வழி." மதிலை மட்டுமே கண்டு வளர்ந்த மகளுக்குப் பொட்டு என்றால் என்னவென்று விளங்கப்படுத்த அம்மாவுக்குக் கால் மணித்தியாலம் பிடித்தது. மாமி வீட்டுக் கதை அதன் பிறகுதான் தொடங்கியது.

அந்த வீடு மயிலிட்டியில் இருந்தது. 1990 யூனில் அம்மாவின் சொந்தங்கள் அங்கிருந்து இடம்பெயர்ந்தார்கள். 27 வருடங்களுக்குப் பிறகு, 2017 யூலையில், மயிலிட்டியின் ஒரு பகுதியை இராணுவம் விடுவித்தபோது போய்ப் பார்த்தோம். பற்றைக்குள் எது யாருடைய வளவென்று மட்டுக்கட்ட முடியவில்லை. கடைசியில் மாமா கிணற்றை வைத்துத்தான் எங்கள் காணியைக் கண்டுபிடித்தார். அம்மா ஏன் கிணற்றில் கீறத் தொடங்கினார் என்பது எனக்கு அந்த ஞாயிறு விளங்கியது.

இதையே ஒரு பெரும் பணியாகச் செய்தவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன். இடம்பெயர்ந்த தமிழ், முஸ்லிம் மக்களிடம், விட்டு வந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து கீறித் தரச் சொன்னார். யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டது 1990 ஒக்டோபர் 30. வலிகாமம் முழுவதும் தென்மராட்சிப் பக்கம் பெயர்ந்தது 1995இல், அதே ஒக்டோபர் 30. அவர்கள் கீறிய கோணல்மாணலான கோடுகள், அவற்றைப் பார்த்துக் கட்டடக் கலை முறையில் எடுத்த அளவுப்படங்கள், சனாதனனின் சித்திரங்கள் எல்லாம் சேர்ந்து 2011இல் நூலாக வந்தன. 'முழுமையுறாத தோம்பு' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் அதற்கு. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. தோம்பிலும் உறுதியிலும் எல்லை இருக்கும், பரப்பு இருக்கும். கிணற்றடியிலிருந்து குசினிக்குப் போன பாதை இருக்காது. மாமி வீட்டுப் பொட்டு இருக்காது.

சனாதனனுக்குச் சித்திரம் சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருவர் குருநகரில் பிறந்த அ. மாற்கு. எத்தனையோ இளையோரின் கையில் தூரிகையைக் கொடுத்த அந்த ஆசிரியர், 1995 இடப்பெயர்வோடு வன்னிக்குப் போய், 2000இல் காலமானார். அவருடைய படைப்புகளில் பெரும்பகுதி அந்த இடப்பெயர்வில் தொலைந்துபோனது. தேர்ந்த ஓவியரின் படங்களுக்கே அந்தக் கதி என்றால், மனதுக்குள் மட்டும் இருக்கிற வீடுகளுக்குக் காவல் ஏது?

இந்த ஞாயிறே தொடங்குங்கள். வீட்டில் மூத்தவரிடம் பென்சிலைக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளைக் கேள்வி கேட்க விடுங்கள். நீங்கள் குறுக்கே பேசாதீர்கள். சுவர் கோணினால் கோணட்டும். கனடாவில் இருக்கும் பெரியம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் காட்டினால், "அந்த மாமரம் மற்றப் பக்கமெல்லோ நிண்டது" என்பார். முதல் மாமரத்தை அழிக்காமல், அவர் சொன்ன இடத்தில் இன்னொன்றைக் கீறுங்கள். தாளின் மூலையில் கீறியவரின் பெயர், ஊர், எந்த வருடத்து வீடு, கீறிய திகதி, இவ்வளவையும் எழுதுங்கள். பிறகு அந்த ஒற்றையைக் காணி உறுதி இருக்கிற பைலுக்குள் வையுங்கள்.