சுவடு படித்தவர்கள்

நுழையும்முன்

படித்தல் என்றவுடன் நூலும் எழுத்தும் நம் நினைவுக்கு வருகின்றன. எழுத்துத் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே மனிதர் மண்ணைப் படித்து வாழ்ந்தனர். விலங்கின் குளம்பு மண்ணில் பதித்த தடத்தைச் சுவடு என்கிறோம். எழுத்தாணி எழுத்தைப் பதித்த ஓலைத் தொகுதியைச் சுவடி என்கிறோம். இவ்விரு சொற்களின் ஒற்றுமையை மனத்திற்கொண்டு இப்பாடத்தைப் படிப்போம்.

கலகாரியும் சான் மக்களும்

ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் போட்சுவானா, நமீபியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் பரந்து கிடக்கும் மணல்நிலம் கலகாரி. மழை குறைந்த இந்நிலத்தில் புல்லும் புதரும் முள்மரமும் உண்டு. இங்கு மிகப் பழங்காலந்தொட்டு வாழ்பவர்கள் சான் மக்கள். கிழங்கும் கனியும் கொட்டையும் திரட்டுவதோடு, வில்லும் அம்பும் கொண்டு வேட்டையாடியும் அவர்கள் உணவு தேடினர்.

அவர்கள் வேட்டையாடிய குடு, ஈலாண்ட் போன்ற விலங்குகளைத் தமிழில் மான் என்றே பொதுவாகக் கூறுவோம். எனினும், கிளைத்த கொம்பை ஆண்டுதோறும் உதிர்த்துப் புதிதாக வளர்ப்பவை மான்கள். கிளைக்காத கொம்பை வாழ்நாள் முழுதும் தாங்குபவை இரலைகள். கலகாரியில் வாழ்பவை இரலைகளே.

விரைந்து கொல்லாத அம்பு

சான் வேட்டுவரின் வில் சிறியது, அம்பும் இலேசானது. நெடுந்தொலைவு பாய்ந்து பெரிய விலங்கைக் கொல்லும் ஆற்றல் அதற்கில்லை. ஆகவே, வேட்டுவர் புதர் மறைவில் தவழ்ந்து விலங்கை மிக நெருங்கியே அம்பு எய்வர்.

கொல்லும் ஆற்றல் அம்பில் பூசிய நஞ்சுக்கே உண்டு. நம் ஊர் வேலிகளில் வளரும் கிளுவையின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் இலையைத் தின்னும் வண்டுப்புழுவிலிருந்து அந்நஞ்சு கிடைக்கிறது. இப்புழுக்கள் மண்ணுக்குள் கூடு கட்டி உறங்கும்பொழுது அவற்றைத் தோண்டி எடுப்பர். நஞ்சை அம்பின் கூர்முனையில் பூசாமல், முனைக்குப் பின்னுள்ள தண்டிலேயே பூசுவர். தவறித் தம் விரலில் முனை கீறினாலும் உயிருக்குக் கேடு வாராதிருக்க இவ்வாறு செய்வர்.

அம்பும் பல துண்டுகளை இணைத்துச் செய்யப்பட்டது. விலங்கு ஓடும்பொழுது நீண்ட நாணல்தண்டு கழன்று விழும். நஞ்சு பூசிய முன்பகுதி மட்டும் உடலில் தங்கும். நஞ்சு குருதியில் மெல்லக் கலந்து குருதியணுக்களை அழிக்கும். சிறிய விலங்கு ஒரு நாளுக்குள் வீழலாம். ஒட்டகச்சிவிங்கி போன்ற பெரிய விலங்கு வீழப் பல நாள்கள் ஆகும். அதற்குள் அது நெடுந்தொலைவு சென்றுவிடும். எனவே, வேட்டையின் பெரும்பகுதி அம்பு வில்லைவிட்டு நீங்கிய பின்னரே தொடங்குகிறது.

பொறுத்திருத்தல்

அம்பு தைத்த விலங்கின் பின்னே உடனே ஓடத் தோன்றும். தேர்ந்த வேட்டுவர் அவ்வாறு செய்வதில்லை. துரத்தப்படும் விலங்கு அச்சத்தால் மேன்மேலும் ஓடும், துரத்துவோர் இல்லையெனில் சிறிது தொலைவு சென்று நிற்கும், பின்னர்ப் படுக்கும்.

ஆகவே, வேட்டுவர் முதலில் விலங்கு நின்ற இடத்திற்குச் செல்வர். கழன்று விழுந்த அம்புத்தண்டைத் தேடி எடுப்பர். அது கிடைத்தால், அம்பு தைத்தது உறுதியாகும். பின்பு அவ்விலங்கின் குளம்படியைக் கூர்ந்து நோக்கி அதன் அளவையும் வடிவையும் நினைவிற்கொள்வர். பல விலங்குகள் ஒன்றாகச் சென்ற தடத்தில் தம் அம்பு பட்ட விலங்கைப் பிரித்தறிய இது வேண்டும். பொழுது சாய்ந்தால் குடியிருப்புக்குத் திரும்பி, மறுநாள் விடியலில் துணைவருடன் வந்து சுவட்டைத் தொடர்வர்.

வட அமெரிக்காவில் வெண்வால் மானை வில்லால் வேட்டையாடுவோரும் அம்பு எய்தபின் காத்திருக்கின்றனர். அவர்கள் குருதித்துளிகளையும் படிப்பர். நுரை கலந்த செங்குருதி நுரையீரலில் அம்பு பட்டதைக் காட்டும். கருஞ்சிவப்புக் குருதி ஈரலைக் காட்டும். கலகாரியின் சிறிய அம்பினாலோ குருதி மிகுதியாகச் சிந்துவதில்லை. எனவே, சான் வேட்டுவருக்குச் சுவடே முதன்மைச் சான்று.

சுவடு சொல்லும் செய்தி

ஒரு சுவட்டிலிருந்து அவர்கள் அறிந்துகொள்வன பல.

விலங்கு விரைந்து ஓடியிருந்தால் குளம்பின் நுனி ஆழப் பதியும். மணல் பின்னோக்கிச் சிதறும். சோர்ந்து நடந்தால் குளம்பு மணலில் இழுபட்ட கோடு தோன்றும். கூட்டத்தைவிட்டு ஒரு சுவடு மட்டும் தனியே பிரிந்தால், நஞ்சு வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

காலத்தையும் சுவடு கூறும். புதிய சுவட்டின் விளிம்பு கூர்மையாக இருக்கும். காற்று வீச வீச அது சரியும். இரவில் திரியும் பூச்சிகளின் நுண்தடம் குளம்படியின் மேல் காணப்பட்டால், விலங்கு பூச்சிகளுக்கு முன்னரே சென்றுவிட்டது. குளம்படி அப்பூச்சித் தடத்தை அழித்திருந்தால், விலங்கு பின்னரே வந்தது.

விலங்கு படுத்த இடமும் ஒரு கடிகாரமாகும். வெயில் நிலத்தில் விலங்கு நிழல் தேடியே படுக்கும். மரத்தின் மேற்குப் பக்கத்தில் படுத்த தடம் இருந்தால், நிழல் மேற்கே விழும் காலைப்பொழுதில் அது அங்கே இருந்தது என்று அறியலாம்.

சுவடு மறைந்தால்

கடினமான தரையிலோ அடர்ந்த புல்லிலோ சுவடு மறைந்துவிடும். அப்பொழுது வேட்டுவர் தம்மை அவ்விலங்கின் நிலையில் வைத்து எண்ணுவர். காற்று எப்பக்கம் வீசியது? நிழல் எங்கே இருந்தது? புண்பட்ட உடலுக்கு எவ்வழி எளிது? இவ்வாறு ஒரு வழியைக் கருதிக்கொண்டு, அவ்வழியில் அடுத்த மணற்பரப்பில் சுவடு உண்டா என்று பார்ப்பர். இருந்தால் கருத்துச் சரி. இல்லையெனில் உறுதியாகக் கண்ட கடைசிச் சுவட்டிற்கே திரும்பி வேறு வழியை எண்ணுவர். தோழர்கள் கருத்து வேறுபட்டால் விவாதிப்பர். சான்று எவர் பக்கமோ அவர் கருத்தை ஏற்பர்.

சான் வேட்டுவருடன் சுற்றித் திரிந்து இக்கலையை ஆராய்ந்தவர் தென்னாப்பிரிக்கரான லூயி லீபன்பெர்க். கருதுகோள் கொள்வதும் சான்றுகொண்டு சோதிப்பதுமாகிய அறிவியல் முறையின் வேர் சுவடு தொடரும் கலையில் இருக்கலாம் என்று 1990ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் அவர் எழுதினார்.

தேடிக் கண்டடைதல் கடமை

புண்பட்ட விலங்கைக் கைவிட்டால் அது துன்புற்று இறக்கும். கழுதைப்புலிக்கோ சிங்கத்திற்கோ இரையாகும். குடியிருப்பில் உள்ளோர் பசித்திருப்பர். ஆகவேதான் பல நாள் ஆயினும் சுவட்டை விடாமல் தொடர்ந்தனர். விலங்கைக் கண்டடைந்தபின், அம்பு தைத்த இடத்துத் தசையை மட்டும் அறுத்து எறிவர். குருதியில் கலந்தால் கொல்லும் அந்நஞ்சு, உண்பவருக்குத் தீங்கு செய்வதில்லை.

இறைச்சியைப் பங்கிடும் உரிமை அம்பு எய்தவருக்கு உரியதன்று. அம்பின் உடைமையாளருக்கு உரியது. அம்புகளை ஒருவருக்கொருவர் இரவல் கொடுப்பதால், வேட்டைக்குச் செல்ல இயலாத முதியவரும் பங்கிடும் பெருமையைப் பெறுவதுண்டு. பெரிய விலங்கை வீழ்த்தியவரும் தற்பெருமை பேசாமல், ஏதோ சிறியதொன்று கிடைத்ததாகவே கூறுவார்.

இன்றைய நிலை

நிலம் சுருங்கியதாலும் வேட்டைக் கட்டுப்பாடுகளாலும் சான் மக்களின் வாழ்க்கை இன்று பெரிதும் மாறிவிட்டது. வேட்டைக்குச் செல்லாத இளையோருக்குச் சுவடு கற்கும் வாய்ப்புக் குறைகிறது. நமீபியாவில் 1998இல் அமைந்த நையே நையே காப்பகத்தில் ஜுஹோவான்சி என்னும் சான் பிரிவினர் மரபு முறையில் வேட்டையாட உரிமை பெற்றுள்ளனர்.

அவ்வறிவின் மதிப்பை உலகுக்குக் காட்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. 2013ஆம் ஆண்டு ஜுஹோவான்சி சுவடறிஞர் மூவர் பிரான்சு நாட்டுக் குகைகளுக்கு அழைக்கப்பட்டனர். அங்கே பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதரின் காலடிகள் உள்ளன. ஒரு குகையில் இருந்த காலடிகளைச் சடங்கு நடனத்தின் தடம் என்று கருதியோர் உண்டு. சுவடறிஞர்களோ, களிமண் எடுக்க வந்த ஒரு பெரியவரும் பதின்வயதினர் ஒருவரும் நடந்த தடம் அது என்று படித்துக் கூறினர்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடுவது குற்றம். ஆயினும், நம் காடுகளில் புலியையும் யானையையும் காக்கும் காவலர்க்குச் சுவடறிவு இன்றும் துணை நிற்கிறது. கொல்லப் பயன்பட்ட கலை இங்கே காக்கப் பயன்படுகிறது.

அருஞ்சொற்பொருள்

எய்தல் – அம்பு செலுத்துதல்
குருதி – இரத்தம்
குளம்படி – குளம்பு பதிந்த தடம்
இரலை – கிளைக்காத, உதிராத கொம்புடைய மான்போன்ற விலங்கு
கருதுகோள் – சோதித்துப் பார்ப்பதற்காகக் கொள்ளும் கருத்து

வினாக்கள்

1. மானுக்கும் இரலைக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. நஞ்சை அம்பின் கூர்முனையில் பூசாதது ஏன்?
3. அம்பு எய்தவுடன் விலங்கைத் துரத்தாமைக்குக் காரணம் என்ன?
4. மரத்தின் கிழக்குப் பக்கத்தில் விலங்கு படுத்த தடம் உள்ளது. அது எப்பொழுதில் படுத்திருக்கும்? காரணம் கூறுக.
5. அம்பின் உடைமையாளரே இறைச்சியைப் பங்கிடுவதால் விளையும் நன்மையை உம் சொற்களில் எழுதுக.

செயல்பாடு

மழை பெய்த மறுநாள் உங்கள் குடியிருப்பின் அருகே ஈரமண்ணைப் பாருங்கள். நாய், காகம், மிதிவண்டி ஆகியவற்றின் தடங்களை வரைந்து, எது முன் சென்றது, எது பின் சென்றது என்பதைச் சான்றுடன் ஐந்து தொடர்களில் எழுதுங்கள்.