நான்கு சுரக்கூட்டுகளும் ஒரு சட்ஜமும்

சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகளில் வளரும் எம் பிள்ளைகளுள், வார இறுதியில் கர்நாடக வயலின் பயில்வோரும் உளர். அப்பிள்ளையே பாடசாலை வாத்தியக் குழுவில், பியானோவின் பின்னணிக்கு மேல் தனித்து வாசிக்க ஒரு மெட்டை அமைத்து வருமாறு கேட்கப்படும்போது, கற்ற இசை கெட்டுவிடுமோ எனப் பெற்றோர் அஞ்சுகின்றனர். இவ்வச்சத்திற்கு இடமில்லை.

எம் இசையில் சுருதி அசையாது நிற்க, மெட்டு அதன்மேல் நடக்கின்றது. மேலைத்தேய இசையிலோ ‘கோட்’ எனப்படும் சுரக்கூட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறுகின்றன. வேறுபாடு இதுவே. சங்கராபரணத்தின் சுரங்களைக் கொண்டே இதனை விளக்கலாம். பெரிதும் வழக்கிலுள்ள ஒரு வரிசை: முதலில் ச‑க‑ப; அடுத்து த‑ச‑க; பின்னர் ம‑த‑ச; இறுதியில் ப‑நி‑ரி. ஒவ்வொன்றுக்கும் 4 அட்சரம் எனில், மொத்தம் ஆதி தாளத்தின் 2 ஆவர்த்தனங்கள்.

இவ்வரிசையின் மேல் சட்ஜத்தை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். முதல் மூன்று கூட்டுகளிலும் அது இசைந்து நிற்கும். ஆயினும் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு உணர்வைத் தரும். நான்காவது கூட்டில் அது உறுத்தும். அங்கு நிஷாதத்திற்கு இறங்கினால் உறுத்தல் நீங்கும். மீண்டும் முதற் கூட்டு வரும்போது நிஷாதத்திலிருந்து சட்ஜத்திற்கு ஏறினால் மெட்டு நிறைவுறும்.

ஆகவே பிள்ளை முதலில் கொப்பியில் நான்கு கட்டங்கள் வரைந்து, ஒவ்வொன்றின் முதல் அட்சரத்திலும் அந்தந்தக் கூட்டின் ஒரு சுரத்தை எழுதட்டும். இடைவெளிகளைத் தான் அறிந்த பிரயோகங்களால் நிரப்பட்டும். தங்கும் சுரத்தை அசைக்காது நேராகப் பிடித்து, அதற்குச் செல்லும் வழியில் மட்டும் கமகம் சேர்த்தால் இரண்டு இசைகளும் முரண்படா.

இவ்வழியில் எமக்கு முன்னோடிகள் உளர். யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்த வி. லட்சுமிநாராயணாவின் குடும்பம், 1958 இனக்கலவரத்தை அடுத்துச் சென்னைக்குப் பெயர்ந்தது. அவர் மைந்தருள் எல். சங்கர், கிற்றார் கலைஞர் ஜோன் மக்லோலினுடன் ‘சக்தி’ குழுவில் வாசித்தார். அக்குழுவின் முதல் இசைத்தட்டு 1976இல் வெளிவந்தது. எல். சுப்பிரமணியம், பிரெஞ்சு ஜாஸ் வயலின் மேதை ஸ்ரெபான் கிரப்பெலியுடன் இணைந்து 1984இல் இசைத்தட்டு வெளியிட்டார். இருவரும் தந்தையிடம் பெற்ற கர்நாடகப் பயிற்சியைக் கைவிட்டவர்கள் அல்லர். அதனையே மூலதனமாகக் கொண்டு பிற இசையாளரோடு அமர்ந்தவர்கள்.

பெற்றோர் செய்யவேண்டியது சிறிதே. எழுதிய மெட்டை வாசிக்குமுன் சுரம் சொல்லிப் பாடச் செய்யுங்கள். பாட வராத இடம் வில்லிலும் இடறும். அவ்விடத்தைத் திருத்தி எழுதிய பின்னரே வயலினைக் கையில் எடுக்கட்டும்.