சூரியன் எட்டாத ஒளியில் தீயைத் தேடும் கருவி

ஹைட்ரஜன் எரிவது பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. புகையும் எழாது. நாசாவின் ராக்கெட் சோதனைத் தளங்களில் ஒரு காலத்தில் ஊழியர்கள் துடைப்பத்தை முன்னே நீட்டியபடி நடந்தார்கள். துடைப்பம் பற்றிக்கொண்டால் அங்கே தீ. அந்த வேலையை இன்று செய்வது தீச்சுடர் உணர்கருவி.

அலுவலகக் கூரையில் இருக்கும் புகை உணர்கருவிக்குப் புகை வந்து சேர்ந்தாக வேண்டும். பெட்ரோல் கிடங்கு போன்ற வெட்டவெளியிலோ புகையைக் காற்று அள்ளிப் போய்விடும். அதனால் அங்கே தீயின் ஒளியையே பார்க்கிறார்கள். ஆனால் பகலெல்லாம் காயும் வெயிலில் சின்னத் தீயின் ஒளியை எப்படிப் பிரித்தறிவது? சூரியக் கதிர் தரைக்கு வந்து சேராத அலைநீளங்களில் மட்டும் பார்த்தால் போதும். இந்தக் கருவியில் நான் வியக்கும் யோசனை இதுதான்.

185 முதல் 260 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதாக் கதிர்களை ஓசோன் படலம் விழுங்கிவிடுகிறது. தரையில் அவை தென்பட்டால், அருகில் எங்கோ பிறந்தவை என்று பொருள். வாயு நிரப்பிய சிறு குழாயில் அக்கதிர் பட்டதும் உலோகத் தகட்டிலிருந்து எலெக்ட்ரான் தெறிக்கும். அது வாயுவில் மோதி மேலும் பல எலெக்ட்ரான்களைக் கிளப்ப, மின்துடிப்பு உண்டாகும். எல்லாம் சில மில்லிநொடிகளில் முடிந்துவிடும். ஹைட்ரஜன் தீயும் இதற்குத் தப்பாது. ஆனால் வெல்டிங் ஒளியும் மின்னலும் இதை ஏமாற்றிவிடும். முகப்பில் எண்ணெய் படிந்தால் பார்வையே மங்கிவிடும்.

அகச்சிவப்பில் பார்க்கும் இன்னொரு வகைக் கருவியும் உண்டு. பெட்ரோலோ சமையல் எரிவாயுவோ எரிந்தால் சூடான கார்பன் டை ஆக்சைடு பிறக்கும். அது 4.4 மைக்ரோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்பில் பளீரென ஒளிரும். சூரியனிடமிருந்து வரும் அந்தக் கதிரில் பெரும்பகுதியைக் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடே தடுத்துவிடுகிறது. தீயின் ஒளி மட்டும் எப்படித் தப்புகிறது? சூடான வாயு சற்று அகன்ற பட்டையில் ஒளிர்வதால் அதன் ஓரம் காற்றைக் கடந்து வந்துவிடுகிறது.

கொதிக்கும் இயந்திரமும் அகச்சிவப்பை வீசுமே? அது சீராக ஒளிரும். சுடரோ நொடிக்குச் சில முறை துடிக்கும். இன்னும் உறுதி வேண்டிய இடங்களில் மூன்று உணரிகள் பக்கத்துப் பக்கத்து அலைநீளங்களை ஒப்பிடுகின்றன. சூடான பொருள் மூன்றிலும் தெரியும். தீ ஒன்றில் மட்டும் ஓங்கி நிற்கும்.

கார்பன் இல்லாத ஹைட்ரஜன் தீயை இந்த 4.4 மைக்ரோமீட்டர் கருவியால் காண முடியாது. அதற்கென்று 2.7 மைக்ரோமீட்டரை ஒட்டிப் பார்க்கும் வகை உண்டு. ஹைட்ரஜன் எரிந்து உண்டாகும் சூடான நீராவி அங்கேதான் ஒளிர்கிறது.