உஷார்! உங்கள் வீட்டுக்கும் மார்க் போடுவார்கள்

மகனோ மகளோ அமெரிக்காவில் இருக்கிறார்களா? பேரன் பேத்தி அங்கே வளர்கிறார்களா? இதைப் படித்துவிட்டு மறுவேலை பாருங்கள்.

பிட்ஸ்பர்க் பக்கம் பென் ஹில்ஸ் பெருமாள் கோயில் இருக்கிறதே, நம்மவர்கள் தேடிப்போய்க் கும்பிடுவது? அது அலெகெனி கவுண்டியில் வருகிறது. 2016 ஆகஸ்டில் அந்தக் கவுண்டியில் ஒரு கம்ப்யூட்டர் கணக்கைக் கொண்டுவந்தார்கள். 'அந்த வீட்டில் பிள்ளையைச் சரியாகப் பார்த்துக்கொள்வதில்லை' என்று யாராவது போன் போட்டால் போதும். 1 முதல் 20 வரை மார்க் விழும். 20 என்றால் ஆபத்து உச்சம்!

வீட்டுக்கு வந்து பார்த்தா போடுகிறார்கள்? இல்லவே இல்லை. ஜெயில் பதிவு, மனநல சிகிச்சை, பழைய புகார் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, இரண்டு வருஷத்துக்குள் இந்தப் பிள்ளையை வீட்டிலிருந்து பிரிக்க நேருமா என்று கணிக்கிறார்கள். கவனியுங்கள். பிள்ளையை அடித்தார்களா என்பது அதற்குத் தெரியாது. பிரிப்பார்களா என்றுதான் அது சொல்லும்! அந்த மார்க்கையும் பெற்றோர் கண்ணில் காட்டுவதில்லை. காசு கட்டி பிரைவேட்டில் வைத்தியம் பார்க்கிற வீட்டைப் பற்றி அதற்கு அவ்வளவாகத் தெரியாது. ஏழை வீட்டின் ஏடு மட்டும் விரியத் திறந்து கிடக்கிறது.

அந்தப் பக்கம் ஒரு தம்பதி. கைக்குழந்தை பால் குடிக்க மறுத்ததும் பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குழந்தைக்கு நீர்ச்சத்து வற்றியிருந்தது. அங்கிருந்தே குழந்தைகள் நல அதிகாரிகளுக்குத் தகவல் போய்விட்டது. குழந்தையை வேறு வீட்டில் வளர்க்கக் கொடுத்துவிட்டார்கள்! அந்த மார்க்தான் தங்களை மாட்டிவிட்டதோ என்று அவர்களுக்குச் சந்தேகம்.

கணக்காவது சரியாக இருக்கிறதா? இல்லினாய் மாநிலத்தில் இன்னொரு மென்பொருள். 4,100க்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சாவோ காயமோ நேர 90 சதவீதத்துக்கும் குறையாத வாய்ப்பு என்று அலறியது. நிஜமாகவே செத்துப்போன சில குழந்தைகளைப் பற்றி முன்கூட்டி வாயே திறக்கவில்லை. 2017இல் அதைத் தூக்கிப் போட்டார்கள். அலெகெனியைப் பார்த்துச் செய்த தன் கருவியை ஒரெகான் மாநிலம் 2022இல் கைவிட்டது.

பிள்ளைகளைக் காக்க வேண்டாம் என்றா சொல்கிறேன்? அடிபடுகிற பிள்ளைக்காகப் போன் போடத்தான் வேண்டும். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேறு வில்லங்கம் இருக்கிறது.

பிறந்த குழந்தையின் பிட்டத்திலும் முதுகிலும் நீலத் திட்டு இருக்கும், பார்த்திருப்பீர்கள். நம்மூரில் யாரும் கண்டுகொள்வதில்லை. அங்கே பழக்கமில்லாத கண்ணுக்கு அடித்த கன்றல் போலத் தெரியும்! சந்தேகம் வந்தால் டாக்டரும் டீச்சரும் தகவல் சொல்லியே ஆகவேண்டும், சட்டம் அப்படி. முதல் செக்கப்பிலேயே அது பிறவித் திட்டு என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். இன்றே மருமகளுக்குச் சொல்லுங்கள்.

'சும்மா ஒரு ஃபார்ம்' என்று நீட்டினால் உஷார்! சம்மதம், சம்மதமில்லை என்று டிக் அடிக்க 160 வாக்கியங்கள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது. பிள்ளையை அடிக்கக்கூடிய பெற்றோரா என்று எடை போட ஜோயல் மில்னர் என்ற உளவியலாளர் தயாரித்தது. நல்லவராக நடிப்பவரைப் பிடிக்கவும் அதற்குள் வாக்கியங்கள் ஒளிந்திருக்கின்றன. எதற்கு, யார் கேட்கிறார்கள், பதில் எங்கே போகிறது என்று தெரியாமல் பேனாவைத் தொடாதீர்கள்.

காரில் குழந்தையை விட்டுவிட்டு 'ரெண்டே நிமிஷம்' என்று கடைக்குள் போகாதீர்கள். கடைத்தெருவில் கை ஓங்கவே கூடாது. அக்கம்பக்கத்தாரோடு சண்டை வேண்டவே வேண்டாம், பொய்ப் புகாரும் ஏட்டில் ஏறிவிடும்.

அப்படியும் அதிகாரி கதவைத் தட்டினால் கத்தாதீர்கள். அரைகுறை இங்கிலீஷில் உளறவும் வேண்டாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். கையெழுத்துப் போடும் முன் வக்கீலுக்குப் போன் போடுங்கள்.