தலையில் மாட்டும் முன் மீட்டர் வைத்துப் பார்! வீட்டிலேயே தயாராகும் நாலு கம்பி ஆம்ப்ளிபயர்

சென்னை அண்ணா சாலைக்குப் பின்னால் இருக்கிறது ரிச்சி தெரு. கடைகளும் கூட்டமும் நெருக்கியடிக்கும் இடம். ஐ.சி., டிரான்சிஸ்டர், கண்டென்சர், டிரான்ஸ்பார்மர் என்று எது கேட்டாலும் கிடைக்கும். ஒன்று இரண்டாகவும் வாங்கலாம்.

ரிப்பேர் கடைக்காரர்களும், பாலிடெக்னிக் மாணவர்களும் மொய்க்கிற இந்தத் தெருவுக்குப் பாட்டுப் பிரியர்களும் சீட்டோடு வருகிறார்கள். "அண்ணே, 5532 ஐ.சி. ரெண்டு, 12-0-12 டிரான்ஸ்பார்மர் ஒண்ணு" என்று கேட்கிறார்கள். எதற்கு? ஹெட்போன் ஆம்ப்ளிபயரை வீட்டிலேயே செய்வதற்கு! அதிலும் 'பேலன்ஸ்டு' ஆம்ப்ளிபயர் மீதுதான் பலருக்கும் கண்.

அது என்ன பேலன்ஸ்டு? விவரம் வருமாறு:-

மூணு கம்பி, நாலு கம்பி

சாதாரண ஹெட்போன் பிளக்கில் மூன்று இணைப்புகள்தான். இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. பேலன்ஸ்டு முறையில் இந்தப் பொதுக் கம்பி கிடையாது. காதுக்கு இரண்டு வீதம் நாலு கம்பி. ஒவ்வொரு கம்பிக்கும் தனி ஆம்ப்ளிபயர். ஆக மொத்தம் நாலு!

மரம் அறுக்கும் பெரிய ரம்பத்தை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து அறுப்பார்கள் அல்லவா? அதே கதைதான். ஒரு ஆம்ப்ளிபயர் தள்ளும் நேரத்தில் மற்றது இழுக்கும். இதனால் வோல்டேஜ் இரண்டு மடங்கு கிடைக்கும். கரண்ட் கொடுக்கத் தெம்பு இருந்தால் பவர் நாலு மடங்கு வரை போகும். ஒரு காதின் பாட்டு பொதுக் கம்பி வழியாக மறு காதில் கலப்பதும் குறையும்.

யாருக்குத் தேவை?

"பேலன்ஸ்டு போட்டா பாட்டே மாறிப் போயிடும்" என்ற பேச்சை அப்படியே நம்பிவிடக் கூடாது. 16 ஓம், 32 ஓம் இயர்போனில் பாட்டு கேட்பவருக்குப் பெரும்பாலும் செல்போன் கொடுக்கும் பவரே போதும். 300 ஓம், 600 ஓம் ஹெட்போன் வைத்திருப்பவருக்குத்தான் கூடுதல் வோல்டேஜ் கை கொடுக்கும்.

என்னென்ன சாமான்?

5532 ஐ.சி. ஒன்றுக்குள் இரண்டு ஆம்ப்ளிபயர் இருக்கிறது. நாலுக்கு இரண்டு ஐ.சி. போதும். வரும் பாட்டை ஒரு பாதி நேராகக் கொடுக்கும். மறு பாதி தலைகீழாக்கிக் கொடுக்கும். இரண்டும் ஒரே அளவில் பெருக்க வேண்டும். அதற்கு 1 சதவீத ரெசிஸ்டர் நல்லது. ஐ.சி. மட்டும் என்றால் ஹெட்போனை ஓட்டத் திணறும். அதனால் ஒவ்வொன்றின் பின்னாலும் பி.டி.139, பி.டி.140 டிரான்சிஸ்டர் ஜோடி போடுவது வழக்கம்.

கரண்டுக்கு 12-0-12 டிரான்ஸ்பார்மர், நாலு டயோடு, 35 வோல்ட் கண்டென்சர் இரண்டு, 7812 ஒன்று, 7912 ஒன்று.

இங்கேதான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்! 7812-ம் 7912-ம் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் கால் வரிசை வேறு. 7812-ல் முதல் கால் கரண்ட் வரும் வழி, நடுக்கால் கிரவுண்டு. 7912-ல் முதல் கால் கிரவுண்டு, நடுக்கால் கரண்ட் வரும் வழி. அதன் முதுகுத் தகடும் நடுக்காலோடு சேர்ந்தது. மைக்கா வைக்காமல் இரும்புப் பெட்டியில் முடுக்கினால் ஷார்ட்தான்!

உஷார்! உஷார்!

பெட்டிக்குள் வருவது 230 வோல்ட். பியூஸ் இல்லாமல், எர்த் இல்லாமல் பெட்டியை மூடவே கூடாது. பிளக்கைப் பிடுங்காமல் உள்ளே கை வைப்பது உயிரோடு விளையாட்டு.

எல்லாம் முடிந்ததும் ஆசையாக ஹெட்போனை மாட்டக் கூடாது. முதலில் மல்டிமீட்டர். பாட்டு இல்லாத நேரத்தில், ஒரு காதுக்குப் போகும் இரண்டு கம்பிக்கும் நடுவே டி.சி. வோல்டேஜ் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். சில மில்லிவோல்ட் என்றால் சரி. வோல்ட் கணக்கில் காட்டினால் எங்கோ தப்பு. அப்படியே மாட்டினால் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய ஹெட்போனின் காயில் கருகிவிடும். மீட்டர் சரி என்று சொன்ன பிறகும், முதல் பாட்டைப் பழைய மலிவு ஹெட்போனில் கேட்பதே புத்திசாலித்தனம்.

இன்னொன்று. பழைய மூணு கம்பி பிளக்கை மாற்றி வைத்து இதில் சொருகக் கூடாது. அதில் இரண்டு காதின் மைனசும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். இரண்டு ஆம்ப்ளிபயர் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும். புகை வந்தாலும் ஆச்சரியம் இல்லை.

சமையலறையில் பிறந்தது

வீட்டில் செய்கிற வேலைதானே என்று யாரும் இளப்பமாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியேல் பால்ட்வின், 1910-ல் ஹெட்போன் செய்து அமெரிக்கக் கடற்படைக்கே கொடுத்தார். அதை அவர் செய்த இடம் வீட்டுச் சமையலறை!

காது பத்திரம்

பவர் கூடினால் ஆபத்தும் கூடும். 80 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான்! உரத்த சத்தத்தால் செத்துப்போன செவி நரம்பு செல்கள் மறுபடி முளைப்பதில்லை. வால்யூம் திருகைக் குறைத்து வைத்துவிட்டுத்தான் ஹெட்போனை மாட்ட வேண்டும்.

ஐ.சி. போனால் ரிச்சி தெருவில் வேறு வாங்கலாம். காது போனால் எந்தத் தெருவிலும் கிடைக்காது.